ஆட்டு ரோமத்தில் சிக்கிய ஒட்டுமுள்ளை நீக்கும் கை இயந்திரம்: தோட்டப்புறத்தில் செய்து பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்மறி வளர்க்கும் தோட்டத்துக் குடும்பங்களிடம், கத்தரித்த ரோமத்தை என்ன செய்கிறீர்கள் என்று பலமுறை கேட்டிருக்கிறேன். குழி வெட்டிப் புதைக்கிறோம் என்பதுதான் பெரும்பாலும் கிடைத்த பதில். சிலர் வாழை மரத்தடியில் பரப்புகிறார்கள். நம் ஊர் ரோமம் முரடானது என்பது உண்மை. ஆனால் முரட்டு ரோமத்துக்கும் உபயோகம் உண்டு. தலையணையில் அடைக்கலாம், அமுக்கிப் பாய் செய்யலாம், தடித்த நூலாக நூற்றுக் கால்மிதி நெய்யலாம். இவற்றையெல்லாம் செய்யவிடாமல் தடுப்பது ரோமத்தில் சிக்கிய முள்தான். ஒரு கைப்பிடி எடுத்தால் பத்து இடத்தில் குத்துகிறது.

பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், ஆடு மேய்ப்பது புதிய ஏற்பாடு அல்ல. மரங்களுக்கு இடையே வளரும் களையை ஆடு தின்றால் களைக்கொல்லிச் செலவு குறையும் என்பதற்காக, மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகமே இதை ஆராய்ந்து பரப்பியது. மாலின் என்னும் உள்ளூர்ச் செம்மறியை டோர்செட் ஹார்ன் கிடாக்களோடு கலந்து இனம் உண்டாக்கியதும் அந்த முயற்சியின் பகுதி. அந்தக் கலப்பு ஆடுகளுக்கு ரோமம் உண்டு. இந்த வெயிலில் அதைக் கத்தரித்தே ஆக வேண்டும். பிறகு வந்த பார்படோஸ் பிளாக்பெல்லி, சாண்டா இனேஸ் போன்றவை மயிர் ஆடுகள்; அவற்றுக்குக் கத்தரிக்க வேண்டிய ரோமம் இல்லை. உங்களிடம் அவை மட்டும் இருந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்குத் தேவைப்படாது.

களையைத் தின்னும் ஆடு களையின் விதையையும் சுமந்து வருகிறது. செடி தன் விதையைத் தொலைவுக்கு அனுப்பக் கண்டுபிடித்த வாகனமே ஆட்டின் ரோமம்தான் என்று சொல்லலாம். கையால் பொறுக்கி முடியாது. முதல் ஆண்டு நான் ஒரு மூட்டையை மடியில் வைத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து லயத்துப் பெரியம்மா பார்த்துவிட்டு, "இதை நீ முடிப்பதற்குள் அந்த ஆடு மறுபடியும் ரோமம் வளர்த்துவிடும், தம்பி" என்றார். அவர் சொன்னது சரிதான். அதன்பின் சைக்கிள் உதிரிப் பாகங்களையும், உறையவைத்த ரப்பர் பாலைத் தகடாக அமுக்கும் பழைய பால் தகடு உருட்டும் இயந்திரம் ஒன்றையும் கொண்டு நான் அமைத்துக்கொண்ட முறையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

உங்கள் ரோமத்தில் இருப்பது எந்த முள்?

இதை அறியாமல் இயந்திரத்தில் கை வைக்க வேண்டாம். நம் தோட்டங்களில் இரண்டு வகை முள் உண்டு. ஒன்று கொக்கி, மற்றொன்று ஊசி.

கொக்கி வகையில் முதலிடம் ஒட்டுத்துத்திக்கு. மலாயில் புலுட்-புலுட் என்பார்கள். சிறிய உருண்டைக் காய், ஐந்து பகுதிகளாகப் பிரியும். ஒவ்வொரு பகுதியிலும் நுனி வளைந்த முட்கள். இதே செடியின் தண்டிலிருந்து சணலைப் போன்ற நல்ல நார் கிடைக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சில நாடுகளில் அதற்காகவே பயிரிட்டிருக்கிறார்கள். அடுத்தது தொட்டாற்சுருங்கி. அதன் காய் முற்றியதும் ஒவ்வொரு விதையாகத் துண்டுபடும். காயின் ஓரத்தில் விறைத்து நிற்கும் முடிகள் ரோமத்தைப் பற்றிக்கொள்ளும். நாயுருவியும் வேலியோரங்களில் கிடைக்கும்.

ஊசி வகை என்பது மலாய்க்காரர்கள் கெமுஞ்சுப் என்று அழைக்கும் புல். திடலில் நடந்தால் காலுறையிலும் கைலி விளிம்பிலும் வரிசையாகக் குத்தி நிற்குமே, அதுதான். கொக்கி முள் ரோமத்தின் மேல் தொங்கும். ஊசி விதையோ இழைகளோடு இணையாகப் படுத்து உள்ளே உள்ளே போகும். நான் சொல்லப் போகும் இயந்திரம் கொக்கி முள்ளை நன்றாக எடுக்கும்; ஊசி விதையில் பாதியைக்கூட எடுக்காது. உங்கள் ரோமத்தில் கெமுஞ்சுப் மிகுதியாக இருந்தால் அந்தப் பகுதியை ஒதுக்கி மரத்தடிக்கு அனுப்பிவிடுவதே நல்லது. அதோடு மல்லுக்கட்டி நான் இழந்த நாட்கள் போதும்.

எளிய சோதனை ஒன்று சொல்கிறேன். ஒரு பிடி ரோமத்தை வெயிலில் காயவைத்து, அதிலுள்ள முள் ஒன்றை விரல் நகத்தால் அழுத்துங்கள். நொறுங்கினால் இயந்திரத்துக்கு ஏற்றது. தோலைப் போல வளைந்தால் அது இன்னும் காயவில்லை, அல்லது பச்சையாக இருக்கும்போதே ரோமத்தில் ஏறிவிட்டது. இந்த நொறுங்கும் தன்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் இதையே சார்ந்திருக்கின்றன.

இயந்திரத்தின் தத்துவம்

பருத்திக் கொட்டையை நீக்கும் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் எலி விட்னி 1794இல் காப்புரிமை பெற்றார். பஞ்சு நுழையக்கூடிய, கொட்டை நுழைய முடியாத இடைவெளி. அதன் வழியே பற்கள் பஞ்சை மட்டும் இழுத்துக்கொள்ளும், கொட்டை வெளியே நின்றுவிடும். ஒட்டுமுள் நீக்கும் இயந்திரமும் இந்த இடைவெளி நியாயத்தின்படிதான் வேலை செய்கிறது. நெருக்கமான பற்கள் கொண்ட ஓர் உருளையில் ரோமத்தைப் படியவிட்டால், இழைகள் பற்களுக்கு இடையே இறங்கிவிடும். முள் பெரியது, இறங்க முடியாமல் பல்நுனியின் மேல் உட்கார்ந்திருக்கும். அந்த நுனிகளை ஒட்டி, அவற்றுக்கு எதிராகத் தன் பரப்பு ஓடும்படி வேகமாகச் சுழலும் தட்டுக்கட்டை அந்த முள்ளை அடித்துத் தள்ளும். ரோமத்தைப் பல் பிடித்துக்கொண்டிருப்பதால் அது போகாது.

ஆலைகளில் இதற்குப் பிறகு இன்னொரு கட்டம் உண்டு. அடித்தும் போகாத சிறு துணுக்குகளை, வலைபோல மெல்லியதாக்கிய ரோமத்தோடு சேர்த்து இரண்டு கனத்த எஃகு உருளைகளுக்கு இடையே செலுத்துவார்கள். பெரால்டா உருளைகள் என்று அதற்குப் பெயர். காய்ந்த முள் பொடியாகும். ரோமம் வளைந்து கொடுத்துத் தப்பிவிடும். இதைப் படித்தபோதுதான் எனக்கு நம் ஊர்ச் சிறுதோட்டக்காரர்களின் கொல்லைகளில் துருப்பிடித்துக் கிடக்கும் பால் தகடு உருட்டும் கை இயந்திரம் நினைவுக்கு வந்தது. இரண்டு வார்ப்பிரும்பு உருளைகள், இடைவெளியைக் கூட்டிக் குறைக்க மேலே இரண்டு திருகுகள், பக்கத்தில் ஒரு சக்கரம். வேறென்ன வேண்டும்?

ஆக, நம் முறையில் இரண்டு கருவிகள். முதலாவது சீப்பு உருளை. அதை நாமே செய்ய வேண்டும். இரண்டாவது நசுக்கும் உருளை. அது ஏற்கெனவே இருக்கிறது.

இயந்திரத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை

ஆட்டைக் கத்தரித்த அன்றே, தரையில் சுத்தமான தார்ப்பாய் விரித்து ரோமத்தைப் பரப்புங்கள். வயிறு, தொடை, கழுத்தடி ஆகிய இடங்களின் ரோமத்தில் முள்ளும் சாணமும் மிகுதி. அவற்றைத் தயங்காமல் பிய்த்து ஒதுக்குங்கள். மொத்தத்தில் கால் பங்கு போனாலும் வருந்த வேண்டாம். மீதியில் நீங்கள் மிச்சப்படுத்தும் உழைப்பு அதைவிடப் பெரிது.

முகமூடி அணியாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். காய்ந்த சாணத் தூசியில் நோய்க்கிருமிகள் இருக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரில் ரோமம் பிரிக்கும் தொழிலாளர்கள் மூச்சு வழியே ஆந்த்ராக்ஸ் தொற்றி இறந்தார்கள். ரோமம் பிரிப்போர் நோய் என்றே அதற்குப் பெயர் வந்தது. நாம் வளர்க்கும் ஆட்டின் ரோமத்தில் அந்த அளவு ஆபத்து இல்லை என்றாலும், கியூ காய்ச்சல் போன்றவை ஆட்டுத் தூசியில் பரவக்கூடியவை. கருவுற்ற பெண்கள் இந்தத் தூசி வேலையைச் செய்யவே கூடாது.

பிறகு கழுவுதல். முதலில் பச்சைத் தண்ணீரில் ஒரு இரவு முழுவதும் ஊறவிடுங்கள். ஆட்டின் வியர்வை உப்பு தண்ணீரில் தானே கரைந்துவிடும். நீர் தேநீர் நிறத்துக்கு மாறுவதைக் காண்பீர்கள். மறுநாள் ரோமத்தை எடுத்து, கை பொறுக்காத சூட்டில், ஏறக்குறைய 60 பாகை செல்சியஸ் வெந்நீரில், பாத்திரம் கழுவும் சோப்பு நீர் சேர்த்து 20 நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். ரோமத்தின் கொழுப்பு 40 பாகைக்கு அருகில்தான் உருகும். ஆகவே வெதுவெதுப்பான நீர் போதாது. கலக்கக் கூடாது, கசக்கக் கூடாது, சூட்டிலிருந்து சட்டென்று குளிர்ந்த நீருக்கு மாற்றவும் கூடாது. இந்த மூன்றில் எதைச் செய்தாலும் ரோமம் திரண்டு கட்டியாகிவிடும். கட்டிக்குள் மாட்டிய முள்ளை எந்த இயந்திரமும் எடுக்காது. அதே சூட்டில் இரண்டு முறை அலசி, வலைப்பையில் வடியவிடுங்கள்.

கழுவாமல் நேரே இயந்திரத்தில் போட்டால் என்ன என்று கேட்கலாம். கொழுப்பு நம் வெயிலில் பிசுபிசுக்கும். பல்லெல்லாம் பசை ஏறி, தூசி படிந்து, அரை மணி நேரத்தில் உருளை நின்றுவிடும்.

காயவைப்பதுதான் பாதி வேலை

நம் நாட்டில் இந்தத் தொழில் கெடுவது இங்கேதான். ரோமம் தன் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் தொடுவதற்கு ஈரமாகத் தெரியாது. விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடும் ஊர் இது. கொடியில் இரண்டு நாள் கிடந்த ரோமம் காய்ந்துவிட்டது என்று நம்பிக் காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கினால், முள் நொறுங்காது, வளையும்; தட்டுக்கட்டை அதை ரோமத்துக்குள்ளேயே அழுத்திவிடும்.

நான் செய்வது இது. கம்பி வலைத் தட்டில் விரல் உயரத்துக்கு மேல் போகாமல் ரோமத்தைப் பரப்பி, தகரக் கூரையின் மேல் காலை பத்து மணிக்கு வைத்துவிடுவேன். காற்றுக்குப் பறக்காதபடி மேலே இன்னொரு வலை. பகல் பன்னிரண்டரைக்கு எடுத்து, அந்தச் சூட்டோடு இயந்திரத்துக்குக் கொண்டு போவேன். மூன்று மணிக்குள் முடித்தாக வேண்டும். அதற்குப் பிறகு கோலகங்சார் பக்கத்து மலைகளின் மேல் மேகம் கூடிவிடும். மாலை மழை வரும் நாளில் மூன்றரை மணிக்கே ரோமம் தளர்ந்து போவதைக் கையிலேயே உணரலாம்.

பழைய புகைக்கூடம் இருந்தால் பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டார். ரப்பர் தகடு காயவைத்த கூடத்தில் ரோமத்தை வைத்தால் அந்தப் புகை வாடை ஆண்டுக்கணக்கில் போகாது. வேண்டாம்.

பிரித்து உதிர்த்தல்

காய்ந்த ரோமத்தைக் கையால் பக்கவாட்டில் இழுத்துப் பிரித்து, புகைபோல லேசாக்குங்கள். பிறகு 12 மில்லிமீட்டர் கண் கொண்ட கம்பி வலையால் ஒரு பீப்பாய் அளவு உருண்டைக் கூண்டு செய்து, நடுவே ஓர் அச்சுக் குழாய் செருகி, அதில் ரோமத்தைப் போட்டு ஐந்து நிமிடம் சுழற்றுங்கள். மண், காய்ந்த இலை, ஒட்டாமல் கிடக்கும் விதை எல்லாம் கீழே கொட்டும். கூண்டின் உட்புறம் நீளவாக்கில் இரண்டு மரச் சட்டங்கள் வைத்தால் ரோமம் தூக்கி எறியப்பட்டு நன்றாக உதிரும். இதைச் சிலர் தவிர்க்கிறார்கள். ஆனால் இது எடுத்துவிடும் குப்பையைச் சீப்பு உருளை எடுப்பதற்கு மூன்று மடங்கு நேரம் ஆகும்.

சீப்பு உருளை செய்யும் முறை

தேவையானவை: நாய், பூனைக்கு வாரும் 19 சென்டிமீட்டர் நீள எஃகுச் சீப்பு 16, இழைத்த மரச் சட்டங்கள், 20 மில்லிமீட்டர் இரும்புத் தண்டு இரண்டு, தண்டுக்கேற்ற பேரிங் நான்கு, பழைய சைக்கிளின் 48 பல் முன்சக்கரம், 16 பல் பின்சக்கரம், சங்கிலி, மிதிகட்டைத் தண்டு, தட்டையான இரும்புப் பட்டை, பிளைவுட். சீப்பு தவிர மற்றவை பழைய இரும்புக் கடையிலும் சைக்கிள் கடையிலும் கிடைத்துவிடும். சீப்பை வாங்கும்போது பற்களுக்கு இடையிலான இடைவெளியைப் பாருங்கள். ஒன்றரை மில்லிமீட்டர் நல்லது. இரண்டுக்கு மேல் போனால் தொட்டாற்சுருங்கித் துண்டு உள்ளே இறங்கிவிடும்.

40 சென்டிமீட்டர் நீளமும் 12 சென்டிமீட்டர் தடிமனும் உள்ள எண்பட்டை மர உருளை ஒன்றை இழைத்துக்கொள்ளுங்கள். நன்றாக உலர்ந்த மரம் வேண்டும்; ஈர மரம் பிறகு முறுக்கிக்கொண்டு இடைவெளியைக் கெடுத்துவிடும். உருளையின் எட்டு விளிம்புகளிலும் விளிம்புக்கு இரண்டு சீப்பு வீதம் வரிசையாகப் பொருத்துங்கள். சீப்பை இரண்டு மரச் சட்டங்களுக்கு நடுவே இறுக்கி, பல்லின் நுனி எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் மட்டுமே வெளியே நீட்டும்படி வையுங்கள். அதிகம் நீட்டினால் அடி தாங்காமல் வளையும்.

பல் நேராக நிற்கக் கூடாது. உருளை சுழலும் திசையில் சற்று முன்சாய்ந்திருக்க வேண்டும். கடிகாரத்தின் நிமிட முள் பன்னிரண்டிலிருந்து மூன்று நிமிடம் நகர்ந்தால் எவ்வளவு சாயுமோ அவ்வளவு. தட்டுக்கட்டை எதிரே வந்து அடிக்கும்போது ரோமம் பின்னுக்குத் தள்ளப்பட்டு இந்தச் சாய்வுக்குள் இன்னும் ஆழமாக மாட்டிக்கொள்ளும். சாய்வை மாற்றி வைத்துவிட்டால் முதல் அடியிலேயே ரோமம் மொத்தமும் பறந்துவிடும். எனக்கு அது நடந்தது. எட்டு வரிசையையும் கழற்றித் திருப்பி வைக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஆணி அறைவதற்கு முன் உருளையைக் கையில் பிடித்துச் சுழற்றிப் பார்த்துவிடுங்கள்.

தட்டுக்கட்டை என்பது ஆறு தகடுகள் கொண்ட இன்னோர் உருளை. 10 சென்டிமீட்டர் தடிமன் போதும். இரும்புப் பட்டைகளின் விளிம்பை அரத்தால் தேய்த்து மழுங்கடித்து, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குங்கள். இது வெட்டும் கத்தியாகிவிடக் கூடாது, தட்டும் விளிம்பாகவே இருக்க வேண்டும். கூராக விட்டால் இழை அறுந்து, பஞ்சுத் தூளாகத்தான் கிடைக்கும். ஆறு பட்டைகளும் ஒரே எடையாக இருக்கட்டும். இல்லையென்றால் சுழலும்போது மேசையே ஆடும்.

இரண்டு உருளைகளையும் கனத்த மரச் சட்டத்தில் பக்கம் பக்கமாகப் பொருத்துங்கள். தட்டுக்கட்டையின் பேரிங்குகளை நீள்துளையில் வைத்தால் முன்னும் பின்னும் நகர்த்தி இடைவெளியைச் சரிசெய்யலாம். இடைவெளி அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. காலாவதியான வங்கி அட்டை 0.76 மில்லிமீட்டர் தடிமன். உலகெங்கும் ஒரே அளவு. இரண்டு அட்டையைச் சேர்த்துப் பல்நுனிக்கும் தகட்டு விளிம்புக்கும் நடுவே செருகினால் உரசிக்கொண்டு போக வேண்டும். இரு முனைகளிலும் நடுவிலும் பாருங்கள். பிறகு ஒரே அட்டையை வைத்து இறுக்கலாமா என்ற ஆசை வரும். மர உருளைக்கு அந்த நெருக்கம் ஆகாது. ஒரு மழைநாளில் மரம் உப்பினால் தகடு பல்லில் மோதும்.

48 பல் சக்கரத்தைக் கைப்பிடித் தண்டிலும், 16 பல் சக்கரத்தைத் தட்டுக்கட்டைத் தண்டிலும் மாட்டிச் சங்கிலி போடுங்கள். கைப்பிடியை நிமிடத்துக்கு 60 முறை சுற்றினால் தட்டுக்கட்டை 180 முறை சுழலும். ஆறு தகடு என்பதால் நொடிக்கு 18 அடி விழும். சீப்பு உருளைக்குச் சங்கிலி வேண்டாம். அதற்குத் தனியாக ஒரு சிறிய கைப்பிடி வைத்து நிமிடத்துக்குப் பத்துச் சுற்று என்ற மெதுவான வேகத்தில் சுழற்ற வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு முள்ளுக்கும் பல அடி கிடைக்கும். இரண்டு கைப்பிடிகளும் ஒரே திசையில் சுற்ற வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பக்கம் பக்கமாக உள்ள உருளைகள் ஒரே திசையில் சுழன்றால்தான், சந்திக்கும் இடத்தில் அவற்றின் பரப்புகள் எதிரெதிராக ஓடும். சங்கிலியைக் குறுக்காகப் போட வேண்டியதும் இல்லை.

கடைசியாக மூடி. உருளைகளை முழுவதும் மறைக்கும் பிளைவுட் மூடியும், கீழே முள் விழும் தட்டும் பொருத்துங்கள். மூடி இல்லாமல் ஒரு முறைகூடச் சுழற்றாதீர்கள். பறந்து வரும் முள் கண்ணில் பட்டால் என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை. சங்கிலிக்கும் தனி மறைப்பு வேண்டும். துப்பட்டா, தோள் துண்டு, விரித்த கூந்தல், கையில் கட்டிய மஞ்சள் கயிறு எதுவும் இந்த மேசை அருகே வரக் கூடாது. வேலை இல்லாத நேரத்தில் சீப்பு உருளையின் கைப்பிடியைக் கழற்றி எடுத்துச் செல்லுங்கள். பிள்ளைகளுக்குச் சுற்றுகிற பொருள் எதுவும் விளையாட்டுதான்.

இயக்கும் முறை

தொடர்ந்து ஊட்டிக்கொண்டே இருக்கும் இயந்திரம் ஆலைக்குப் பொருந்தும். வீட்டில் அது விரலுக்கு ஆபத்து. ஆகவே நாம் ஒவ்வொரு பிடியாகச் செய்வோம். இரண்டு உருளைகளும் நின்றிருக்கும்போது மூடியைத் திறந்து, ஏறக்குறைய 20 கிராம் பிரித்த ரோமத்தைச் சீப்பு உருளையைச் சுற்றி மெல்லிய படலமாகப் படியவிடுங்கள். தேங்காய் நார்த் தூரிகையால் மெல்லத் தட்டி இழைகளைப் பற்களுக்குள் இறக்குங்கள். மர உருளை ஆங்காங்கே கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் படலம் மெல்லியதாக இருக்கட்டும். தடித்துவிட்டால் அடியில் உள்ள முள்ளை அடி எட்டாது.

மூடியை இறக்கி, ஒருவர் தட்டுக்கட்டையை முழு வேகத்துக்குக் கொண்டு வந்த பிறகே மற்றவர் சீப்பு உருளையை நகர்த்தத் தொடங்க வேண்டும். வரிசை மாறினால் ரோமம் நின்ற தகட்டில் சுற்றிக்கொள்ளும். மூன்று சுற்று போதும். முதல் சுற்றில் பொரி பொரிவது போன்ற சத்தம் கேட்கும். அது முள் தட்டில் விழும் ஓசை. மூன்றாவது சுற்றில் சத்தம் ஏறக்குறைய அடங்கிவிடும். அடங்காவிட்டால் இன்னும் இரண்டு சுற்று. அதற்கு மேல் சுற்றுவதில் பயனில்லை, இழைதான் தேயும்.

எல்லாம் நின்ற பிறகு மூடியைத் திறந்து, பல் சாய்ந்திருக்கும் திசையிலேயே தூரிகையால் வாரி எடுங்கள். எதிர்த்து வாரினால் பாதி பல்லிலேயே தங்கிவிடும். எடுத்த ரோமத்தைத் திருப்பிப் போட்டு மறுபடியும் ஒரு முறை ஓட்டுங்கள். ஒருபுறம் உள்ளே மறைந்திருந்த முள் இப்போது மேலே வரும். இரண்டாம் ஓட்டத்தில் கிடைக்கும் முள்ளின் அளவைப் பார்த்தீர்களானால் இதைத் தவிர்க்க மாட்டீர்கள்.

தட்டில் விழுந்ததை அவ்வப்போது கவனியுங்கள். முள்ளோடு நீளமான ரோமமும் நிறைய விழுந்தால் இடைவெளி குறைவு, அல்லது ரோமம் சரியாகப் பிரிக்கப்படவில்லை. முள் உடையாமல் முழுசாக விழுவது நல்ல அறிகுறி. பொடியாக விழுந்தால் தகட்டு விளிம்பு கூராக இருக்கிறது என்று பொருள்.

நசுக்கும் உருளை

இரண்டு ஓட்டத்துக்குப் பிறகும் கொக்கி ஒடிந்த துணுக்குகள் கொஞ்சம் மிஞ்சும். தலையணை அடைப்புக்கு என்றால் இங்கேயே நிறுத்தி, மறுபடியும் வலைக் கூண்டில் சுழற்றிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். நூற்பதற்கோ தோலில் படும் பொருளுக்கோ என்றால் அடுத்த படியும் தேவை.

பால் தகடு இயந்திரத்தில் இரண்டு வகை உண்டு: வழவழப்பான உருளை கொண்டது, வரி போட்ட உருளை கொண்டது. தகட்டில் வரி விழுந்தால் சீக்கிரம் காயும் என்பதற்காக ஏற்பட்டது இரண்டாவது. நமக்கு வேண்டியது வழவழப்பானது மட்டும். வரி உருளை ரோமத்தை வெட்டிவிடும். உருளையில் ஒட்டிய பழைய ரப்பரை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் தேய்த்து எடுத்து, துருவை உப்புத்தாளால் நீக்கி, எண்ணெய்ப் பசை ஒரு துளியும் இல்லாமல் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

திருகுகளை இறுக்கி, ஒரு தாளைச் செருகினால் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு உருளைகளை நெருக்குங்கள். இரண்டு திருகும் சமமாக இருக்க வேண்டும். வெயில் சூடு ஆறாத ரோமத்தைக் கண்ணாடி போல ஒளி புகும் மெல்லிய படலமாக ஒரு பலகையில் பரப்பி, பலகையைச் சரித்து உருளைக்கு ஊட்டுங்கள். விரலால் தள்ள வேண்டாம். ஒரு சிறு மரக் கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். இந்த உருளையில் விரல் நசுங்கிய பழைய பால்மரத் தொழிலாளர்களைக் கேட்டால் சொல்வார்கள். முள் நொறுங்கும் சத்தம் மெல்லிதாகக் கேட்கும். வெளியே வந்ததை உடனே வலைக் கூண்டில் போட்டுச் சுழற்றினால் பொடி உதிரும்.

இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்யாதீர்கள். முள் நிறைந்த ரோமத்தை முதலிலேயே நசுக்கினால், ஒரு காய் முப்பது துணுக்காகி ரோமம் முழுவதும் பரவும். அதைப் போலவே, நூற்பதற்கு முன் இழைகளைச் சீவி நேராக்கும் வாரும் சட்டத்தில் முள்ளோடு போடுவதும் பெருந்தவறு. என் முதல் மூட்டை அப்படித்தான் வீணானது. முழு முள்ளை எடுப்பது முதல் வேலை, மிச்சத்தை நொறுக்குவது அடுத்தது, வாருவது எல்லாவற்றுக்கும் பிறகு.

அமிலம் பற்றி ஓர் எச்சரிக்கை

ஆலைகள் இந்த வேலையைக் கந்தக அமிலத்தைக் கொண்டும் செய்கின்றன. நீர்த்த அமிலத்தில் ரோமத்தை நனைத்து, பிழிந்து, 100 பாகைக்கு மேல் சுடவைப்பார்கள். முள் செல்லுலோஸால் ஆனது. அமிலம் அதைக் கரியாக்கி நொறுங்கச் செய்யும். ரோமம் புரதம் என்பதால் தாக்குப்பிடிக்கும். பிறகு சலவைச் சோடா கரைத்த நீரில் அமிலத்தை முறித்துவிடுவார்கள். அளந்து கட்டுப்படுத்தும் வசதி உள்ள ஆலைக்கு இது சரி. வீட்டில் யாரும் முயலக் கூடாது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ரப்பர் பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலம் நம் தோட்டங்களில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அமிலம்தானே, இதுவே போதாதா என்று தோன்றும். போதாது. பார்மிக் அமிலம் சூட்டில் ஆவியாகப் போய்விடும், முள்ளைக் கரியாக்காது. உங்கள் கையையும் கண்ணையும் மூச்சுக்குழலையும்தான் பதம் பார்க்கும். காஸ்டிக் சோடாவும் வேண்டாம். அது முள்ளை விட்டுவிட்டு ரோமத்தைக் கரைத்துவிடும்.

முள்ளை என்ன செய்வது?

ஒரு மூட்டை ரோமத்திலிருந்து ஒரு வாளி முள் சேர்ந்துவிடும். அதை வேலியோரம் கொட்டினால் அடுத்த மழைக்கு அத்தனையும் முளைக்கும், அடுத்த முறை கத்தரிக்கும்போது அதே முள் திரும்பி வரும். எரிப்பதற்கு நம் நாட்டில் திறந்தவெளி எரிப்புத் தடை இருக்கிறது. உரக்குழியில் போடுவதும் சரியல்ல. தொட்டாற்சுருங்கி விதையின் ஓடு மிகக் கெட்டி. பல ஆண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடக்கும்.

வெந்நீரை மேலே ஊற்றிவிட்டால் செத்துவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். நடந்தது நேர்மாறு. சற்று நேரச் சூடு அந்தக் கெட்டி ஓட்டை இளக்கி, விதையை எழுப்பிவிடுகிறது. நாற்றங்கால் போடுபவர்கள் கடின விதைகளை வெந்நீரில் நனைத்து முளைக்கவைப்பது இதற்காகத்தான். ஆகவே பழைய தகர டின்னில் போட்டு, விறகடுப்பில் அரை மணி நேரமாவது தளதளவென்று கொதிக்கவிடுங்கள். ஆறிய பிறகு ஒரு பிடியை ஈரத்துணியில் முடிந்து ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். ஒன்றுகூட முளைவிடவில்லை என்றால் மீதியை வாழைக்கு அடியில் கொட்டலாம். ஒன்று முளைத்திருந்தாலும் டின்னை மறுபடியும் அடுப்பில் ஏற்றுங்கள்.